வாள்வீச்சுக்குப் புதியவர்கள்: முதலில் பழக வேண்டியது காலையா, கையையா?

தக்கலை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தக்கலைக்கு அருகே ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி நாட்களில் சிலம்பம் பழகியவள். ஒற்றைக் கம்பு நன்றாகவும் இரட்டைக் கம்பு ஓரளவும் வரும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி சேபர் என்ற வாள்வகைப் பிரிவில் களமிறங்கி, முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றதைப் பார்த்ததிலிருந்து வாள்வீச்சு பழக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. எங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு ஒரு சிறு குழு தொடங்கப்படுகிறது. காணொளிகளில் வாளைத் திருப்புவதையும் தட்டுவதையும் விரிவாகக் காட்டுகிறார்கள். ஆனால் முதல் சில மாதங்களில் ஒருவர் எதை, எந்த வரிசையில் பழக வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. சொந்தமாக வாள் வாங்கிக்கொள்ள வேண்டுமா? ஃபாயில், எபே, சேபர் ஆகிய மூன்று வாள்வகைகளில் எதில் தொடங்குவது நல்லது? சிலம்பம் பழகிய உடம்பு இதற்கு உதவுமா, தடையாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் என்னைப் போன்ற பலருக்கும் பயன்படும்.

நாகர்கோவில் பயிற்றுநர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். இப்போது வாள் வாங்க வேண்டாம். முதல் ஒன்றிரண்டு மாதங்களைக் கால்களுக்கே கொடுங்கள். இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் வாடிவிடுவதை நான் பார்க்கிறேன். ஆனால் இந்த விளையாட்டின் களமே அப்படி அமைந்திருக்கிறது. நீளம் 14 மீட்டர்; அகலம் ஒன்றரை மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரைதான். பக்கவாட்டில் விலகி எதிராளியைச் சுற்றி வர அங்கே இடமில்லை. நடுக்கோட்டிலிருந்து இரு புறமும் 2 மீட்டர் தள்ளி இருவரும் நிற்கிறார்கள். பின்வாங்கிக்கொண்டே போய்க் கடைசிக் கோட்டை இரு கால்களாலும் தாண்டிவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி கிடைத்துவிடும். ஆகவே முன்னும் பின்னுமாக இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவரே ஆட்டத்தை நடத்துகிறார். கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், அரை அடி தூரத்தில் கணக்கு தவறினால் முனை உடலைத் தொடாது.

முதலில் நிற்கும் நிலை. இதை ஆன் கார்டு என்பார்கள். முன்கால் பாதம் எதிராளியை நேராக நோக்கியிருக்க வேண்டும். பின்கால் பாதம் அதற்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். இரு குதிகால்களும் ஒரே கோட்டில் வர வேண்டும். கால்களுக்கிடையே ஏறத்தாழத் தோளகலம் இடைவெளி போதும். இரு முழங்கால்களும் மடிந்து, அவற்றில் முன்முழங்கால் முன்பாதத்தின் திசையிலும் பின்முழங்கால் பின்பாதத்தின் திசையிலும் இருக்க, உடலின் எடை இரண்டுக்கும் சமமாகப் பிரிய வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், தோள்கள் தளர்ந்திருக்கட்டும். பத்து நிமிடம் இப்படி நின்றாலே தொடை நடுங்கும். அந்த நடுக்கத்தைத் தவிர்ப்பதற்காகப் பலர் தம்மையறியாமல் நிமிர்ந்துவிடுகிறார்கள். நிமிர்ந்த கால்களிலிருந்து உடனே பாயவும் முடியாது, பின்வாங்கவும் முடியாது.

அடுத்தது முன்னடி. முன்கால் விரல்கள் முதலில் மேலெழ வேண்டும், பாதம் தரையை ஒட்டியே முன்னே செல்ல வேண்டும், குதிகால் முதலில் பதிய வேண்டும். அதன்பின் பின்கால் அதே அளவு நகர வேண்டும். பின்னடிக்கு வரிசை தலைகீழ்: பின்கால் முதலில், முன்கால் பிறகு. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு நேர்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பத்து அடி முன்னே, பத்து அடி பின்னே சென்றபின் குனிந்து பாருங்கள். குதிகால்கள் இன்னும் கோட்டில் இருக்கின்றனவா, இடைவெளி தொடக்கத்தில் இருந்த அளவே இருக்கிறதா என்பதே உங்களுக்கான தேர்வு. பெரும்பாலோருக்கு இடைவெளி குறுகிப்போயிருக்கும், ஏனெனில் பின்காலை இழுத்து முன்காலோடு ஒட்டவைப்பது நடக்கும்போது நமக்கு இயல்பாக வருவது. இரண்டாவதாகக் கண்ணாடி முன் நின்று தலையைக் கவனியுங்கள். அடிவைக்கும்போது தலை மேலும் கீழும் ஆடினால், நீங்கள் நகரப்போவதை எதிராளி முன்கூட்டியே அறிந்துகொள்வார்.

குழித்துறை சிலம்ப ஆசான் எழுதியது:

பயிற்றுநர் எழுதியதை மதிப்புடன் படித்தேன். ஒரு செய்தியில் மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. சிலம்பம் பழகியவரையும் ஒன்றும் அறியாதவரையும் ஒரே தட்டில் வைத்து, இருவருக்கும் முதல் எழுத்திலிருந்து தொடங்குவது சரியா? நம் மாவட்டத்தில் அடிமுறைக் களரிகளில் சேரும் பிள்ளைக்கு ஆசான் முதல் நாளே கம்பைக் கொடுப்பதில்லை. சுவடு எனும் காலடி வரிசை பழகியபிறகுதான் கம்பு, அதன்பிறகுதான் மற்ற ஆயுதங்கள். காலடி தெரியாதவன் கையில் ஆயுதம் ஆபத்து என்பது இங்கே தலைமுறைகளாக அறியப்பட்ட செய்தி. இந்தப் பெண்ணுக்குக் காலில் உறுதி இருக்கிறது, எதிராளியின் தோளையும் கண்ணையும் பார்த்து அடியை முன்னறியும் பழக்கம் இருக்கிறது, மணிக்கட்டில் சுழற்சி இருக்கிறது. பவானி தேவியே பள்ளியில் தொடங்கிய காலத்தில் மூங்கில் குச்சிகளால்தான் பயிற்சி செய்ததாகச் சொல்லியிருக்கிறார். அப்படியிருக்க, கம்பு பழகிய கை எப்படித் தடையாகும்? பழையதை மறக்கச் சொல்லாமல், இருப்பதன்மேல் கட்டுவதற்கு வழி சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கருங்கல் எபே வீராங்கனை எழுதியது:

ஆசான் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் பார்வையும் உறுதியும் பெரிய முதலீடு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தாங்கள் மறக்கச் சொல்ல வேண்டாம் என்கிறீர்கள். நானும் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் சில பழக்கங்களைக் களத்துக்கு வெளியே நிறுத்திவைக்காவிட்டால் விதிகளே அவரைத் தண்டிக்கும்.

சிலம்பத்தில் உடல் முழுவதும் திரும்புகிறது. ஒரு சுழற்சியில் முதுகு எதிராளிக்குக் காட்டப்படுவது அங்கே குற்றமில்லை. வாள்வீச்சில் எதிராளிக்கு முதுகைக் காட்டுவது தண்டனைக்குரியது. சிலம்பத்தில் முன்கால் பின்காலாகவும் பின்கால் முன்காலாகவும் மாறிக்கொண்டே இருக்கும். சேபரில் முன்னேறும்போது பின்கால் முன்காலைக் கடந்துவிட்டால் அட்டை காட்டுவார்கள். ஃபாயிலிலும் எபேயிலும் அதற்கு அனுமதி உண்டு என்றாலும், புதியவர் அப்படிச் செய்தால் கால்கள் பின்னிய அந்தக் கணத்தில் பின்வாங்க வழியில்லாமல் நிற்பார். மற்றொரு கையைக் காப்புக்காகவோ தாக்குதலுக்காகவோ பயன்படுத்தக் கூடாது. இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துப் பழகியவருக்கு இடக்கையைச் சும்மா வைத்திருப்பதே ஒரு தனிப் பயிற்சி.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது, கையும் காலும் எழும் வரிசை. கம்பின் அடியில் இடுப்பும் காலும் திரும்பி விசையைத் திரட்டிய பின்னரே கை வந்து விழுகிறது. விசை வேண்டும் என்பதால் அது அங்கே சரியான வரிசை. வாள்வீச்சில் அந்த அளவு விசை தேவையே இல்லை. மின்கருவி பொருத்திய ஃபாயில் முனையின் வில்சுருள் 500 கிராம் எடையையும், எபே முனையின் வில்சுருள் 750 கிராம் எடையையும் தாங்கிக் காட்ட வேண்டும். அதைச் சற்றே மிஞ்சி அழுத்தினால் தொடுகையைக் காட்டும் விளக்கு எரிந்துவிடும். ஓங்கி அடிப்பதால் ஒரு புள்ளியும் கூடப்போவதில்லை. ஆகவே கை முதலில் நீள வேண்டும், முனை இலக்கை நோக்கிச் சென்றுகொண்டிருக்கும்போதுதான் கால் எழ வேண்டும். ஃபாயிலிலும் சேபரிலும் இருவருடைய விளக்கும் எரிந்தால், தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே நடுவர் புள்ளி தருகிறார்; கை நீண்டு, வாள் இலக்கைத் தொடர்ந்து அச்சுறுத்துவதையே தாக்குதலின் தொடக்கமாக அவர் கொள்கிறார். எபேயில் அந்த முன்னுரிமை கிடையாது, உச்சந்தலை முதல் பாதம் வரை எங்கே பட்டாலும் புள்ளி. இருவரும் ஏறத்தாழ ஒரு வினாடியின் 25இல் ஒரு பங்குக்குள் தொட்டுவிட்டால் இருவருக்கும் புள்ளி. மடங்கிய கையோடு காலை முன்னே வைப்பவரின் மணிக்கட்டைத்தான் எதிராளி முதலில் குத்துவார், அதுவே அவருக்கு மிக அருகில் இருப்பது. ஆகவே மூன்று வாளுக்கும் முதல் பாடம் ஒன்றே: கை, பிறகு கால்.

குழித்துறை சிலம்ப ஆசான் எழுதியது:

தெளிவான விளக்கத்துக்கு நன்றி, மகளே. விசைக்காக எழும் வரிசையும் தொடுகைக்காக எழும் வரிசையும் வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் சிலம்பப் பிள்ளைகளுக்கு முதலில் நிற்கும் நிலையிலிருந்து கையை மட்டும் நீட்டவும் மடக்கவும் பல நாள் பழக்கி, அதன்பின் காலைச் சேர்ப்பதே முறையாக இருக்கும் என்று தோன்றுகிறது. என்னிடம் வரும் பிள்ளைகளில் இருவர் வாள்வீச்சுக்கும் போகிறார்கள். அவர்களை இப்படிப் பழக்கிப் பார்ப்பேன்.

கொல்லங்கோடு தந்தை எழுதியது:

என் மகளுக்குப் பதினொரு வயது. அவளும் இதில் சேர வேண்டும் என்கிறாள். வீட்டில் பெரியவர்கள் வாள் என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சுகிறார்கள். கூரான வாளில்லை என்று நான் சொன்னாலும், முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். எனக்கும் முழுமையாகப் பதில் தெரியவில்லை. பாதுகாப்பைப் பற்றிச் சற்று எழுத முடியுமா?

நாகர்கோவில் பயிற்றுநர் எழுதியது:

அண்ணாச்சி, அஞ்சுவது நியாயமானது. அதை மூடிமறைக்க மாட்டேன். 1982இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், 1980ஆம் ஆண்டின் ஒலிம்பிக் ஃபாயில் வெற்றியாளரான சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், எதிராளியின் வாள் உடைந்து முகக்கவசத்தை ஊடுருவியதால் உயிரிழந்தார். வாளின் முனை மழுங்கியதுதான். உடைந்த இடம் மழுங்கியதன்று. அந்த இழப்புக்குப் பிறகுதான் முகக்கவசத்தின் கம்பிவலையும் உடைகளும் வாள் செய்யும் எஃகும் கடுமையான தரக்கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இன்று பன்னாட்டுப் போட்டிகளில் அணியும் உடையின் துணி 800 நியூட்டன் விசையையும், முகக்கவசத்தின் கழுத்துத்துணி 1600 நியூட்டன் விசையையும் தாங்க வேண்டும் என்பது விதி. தொடக்கநிலைப் பயிற்சிக்கு 350 நியூட்டன் உடைகள் பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றை முறையாக அணிந்தால் குழந்தைகளுக்கு இது அச்சப்பட வேண்டிய விளையாட்டாக இருக்காது.

நீங்கள் பயிற்சிக்கூடத்தை நேரில் போய்ப் பார்க்கும்போது மூன்று செய்திகளைக் கவனியுங்கள். முகக்கவசம் அணியாத ஒருவரை நோக்கி யாரேனும் வாள்முனையை உயர்த்துகிறார்களா? விளையாட்டுக்காகக்கூட அப்படி நடந்து, பயிற்றுநர் கண்டிக்காமல் விட்டால் அந்த இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். மேலுடைக்குள் அக்குள் பகுதியைக் காக்கும் உள்ளாடை, பெண் பிள்ளைகளுக்கு மார்புக்கவசம், வாள்கைக்கு உறை ஆகியவை எல்லோருக்கும் இருக்கின்றனவா? துரு ஏறியதும் வெடிப்பு விட்டதுமான வாள்கள் பயன்பாட்டில் இருக்கின்றனவா? நம் கடலோரக் காற்றில் எஃகு விரைவில் துருவேறும், இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் நமது. பயிற்சி முடிந்ததும் வாளை உலர்ந்த துணியால் துடைத்து, வியர்வை நனைந்த உடையோடு ஒரே பையில் திணிக்காமல் தனியே வைக்கும் வழக்கம் அங்கே உண்டா என்று பாருங்கள்.

குலசேகரம் உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் முகத்தைப் பற்றியே கேட்கிறார்கள். பள்ளியில் நான் அன்றாடம் பார்ப்பது முழங்காலும் குதிகாலும்தான். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பயிற்சி பெரும்பாலும் சிமெண்டுத் தரையில் நடக்கிறது. பாய்ந்து தாக்கும் லஞ்ச் என்ற அசைவில் உடலின் எடை முழுவதும் முன்காலின் குதிகாலில் இறங்குவதால், மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணியோடு சிமெண்டுத் தரையில் நூறு முறை பாய்ந்தால் மறுநாள் குதிகால் வலிக்காமல் இருக்காது. வாள்வீச்சுக்கென்றே உள்ள காலணி இல்லாவிட்டால், குதிகாலில் மெத்தை உள்ள பூப்பந்துக் காலணி போதும். சிமெண்டுத் தரையைவிட மரத்தளமோ ரப்பர் விரிப்போ மேலானது. மணலில் மட்டும் பழக வேண்டாம். கடற்கரையில் பாய்ந்தால் பின்கால் வழுக்கும், பழக்கமும் பிழையாகப் பதியும்.

லஞ்ச் சரியாக முடியும்போது முன்காலின் கணைக்கால் தரைக்குச் செங்குத்தாகவும், முழங்கால் கணுக்காலுக்கு நேர்மேலேயும் நிற்க வேண்டும். முழங்கால் உள்ளே சாய்ந்தாலும் விரல்களைத் தாண்டி முன்னே போனாலும் மூட்டின் தசைநார்கள் துன்பப்படும். பின்கால் பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்க வேண்டும்; அது உள்பக்கம் உருண்டு விளிம்பில் நின்றால் கணுக்காலுக்குக் கேடு. இன்னொன்று: இந்த விளையாட்டு உடலின் ஒரு பக்கத்தை மட்டும் வளர்க்கும். வாரத்தில் ஒருமுறையாவது மறுகாலை முன்வைத்து அதே அடிகளையும் பாய்ச்சல்களையும் செய்தால் இடுப்பும் முதுகும் சமநிலையில் இருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தக்கலை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் ஆகின்றன. பயிற்றுநர் அண்ணன் சொன்னபடி வீட்டு முற்றத்திலும் கோடு போட்டு நடக்கிறேன். இப்போது லஞ்ச் சொல்லித் தருகிறார்கள். முன்னே பாய முடிகிறது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் எதிரே நிற்பவர் எளிதாகத் தொட்டுவிடுகிறார். உடம்பு முன்பக்கம் கவிழ்ந்துவிடுவதுபோல் இருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது? எதிராளியின் வாளைத் தட்டும்போது என் கை மிகவும் அகலமாகப் போவதாகவும் சொல்கிறார்கள். வாளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய என் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

கருங்கல் எபே வீராங்கனை எழுதியது:

முன்பக்கம் கவிழ்வதற்குப் பெரும்பாலும் காரணம், முன்காலால் எட்டிப்போய்த் தொட முயல்வது. லஞ்சின் விசை பின்காலிலிருந்து வர வேண்டும். குளச்சலிலோ முட்டத்திலோ கரையில் கிடக்கும் வள்ளத்தைக் கடலில் இறக்குபவரின் பின்காலைக் கவனியுங்கள். குதிகாலை ஊன்றி முழங்காலை நீட்டும்போதுதான் வள்ளம் நகரும். அப்படியே இங்கும் கை நீண்டபின் முன்கால் விரல்கள் எழ, பின்கால் முழங்கால் விசையோடு நிமிர்ந்து உடலை முன்னே தள்ள வேண்டும். இடுப்பு இரு பாதங்களுக்கும் இடையிலேயே இருக்க வேண்டும். வாள் பிடிக்காத கை பின்னால் நீண்டு சமநிலை தர வேண்டும். திரும்பும்போது முதலில் பின்முழங்காலை மடக்குங்கள். முன்குதிகாலால் தரையைத் தள்ளுவது அதன்பிறகு வருவது. பின்முழங்காலை மடக்காமல் முதுகை இழுத்து எழ முயல்பவர்தாம் நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்.

தொடக்கத்தில் பாய்ச்சலின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர முடிகிற தூரம் எதுவோ அதுதான் இப்போதைக்கு உங்கள் லஞ்சின் அளவு. தோழி ஒருவரைக் கையுறையைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கச் சொல்லுங்கள். அவர் முன்னறிவிப்பின்றி அதை விடும்போது கையை நீட்டிப் பாய்ந்து, அது தரையில் விழுமுன் பிடிக்க வேண்டும். காலை முதலில் வைப்பவரால் அதைப் பிடிக்கவே முடியாது. வரிசையைச் சொல்லிக்கொடுக்க இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

நாகர்கோவில் பயிற்றுநர் எழுதியது:

வாளைத் தேர்ந்தெடுப்பது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரியில் எந்த வாளுக்குப் பயிற்றுநரும் உடன் ஆடுவதற்குப் பிள்ளைகளும் இருக்கிறார்களோ அதில் தொடங்குங்கள். தனியே ஆடிப் பழகும் விளையாட்டன்று இது. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஃபாயிலைப் பரிந்துரைப்பேன். தலை, கை, கால் நீங்கலாக உடற்பகுதி மட்டுமே அதற்கு இலக்கு என்பதால் முனையைக் கட்டுப்படுத்தும் பழக்கம் வளரும். முன்னுரிமை விதியால் தாக்குதல், தடுப்பு, எதிர்த்தாக்குதல் என்ற வரிசை மனத்தில் பதியும். எடையும் 500 கிராமுக்குக் குறைவு. எபே 770 கிராம் வரை இருக்கலாம். இடுப்புக்கு மேற்பட்ட பகுதியை இலக்காகக் கொண்டு விளிம்பாலும் தொடலாம் என்பதால் சிலம்பக்காரர்களுக்குச் சேபர் பிடித்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் அதே காரணத்தால் பழைய வீச்சுப் பழக்கமும் அதில் எளிதில் திரும்பிவிடும். ஃபாயிலில் ஓராண்டு ஆடியபின் சேபருக்குப் போவது உங்களுக்குப் பொருந்தும்.

இனி தடுப்பு. இதைப் பாரி என்கிறோம். கம்பால் தடுக்கும்போது வருகிற அடியின் விசையை எதிர்விசையால் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே வீச்சு பெரிதாகிறது. இங்கே எதிராளியின் முனை உங்கள் தோளைத் தாண்டி வெளியே போனால் போதும், அதற்குமேல் ஒரு விரற்கடை தள்ளினாலும் அது வீண். உங்கள் வாளின் பிடிக்காப்புக்கு அருகிலுள்ள வலிய பகுதியால் அவர் வாளின் நுனிப்பக்கமுள்ள மெலிந்த பகுதியைச் சந்தியுங்கள். அப்போது வலிமையற்ற கையும் வலிமையான தாக்குதலைத் திருப்பிவிடும். வலக்கைக்காரருக்கு மார்பின் இடப்பக்கத்தைக் காப்பது நான்காம் பாரி, வலப்பக்கத்தைக் காப்பது ஆறாம் பாரி. முதலில் இவ்விரண்டு மட்டும் போதும்; கீழே வரும் தாக்குதல்களுக்கான ஏழும் எட்டும் பிறகு வரட்டும். கை நான்கிலிருந்து ஆறுக்குப் போகும்போது முழங்கை இடம் பெயரக் கூடாது. கதவு நிலையின் இரு சட்டங்களுக்கு நடுவே நின்று, வாள்கையை இருபுறமும் நகர்த்திச் சட்டத்தில் படாமல் நிறுத்திப் பழகினால் அகலம் தானாகக் குறையும்.

பிடியையும் கவனியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முனையைச் செலுத்த, மற்ற மூன்று விரல்கள் தேவையான கணத்தில் மட்டும் இறுக வேண்டும். ஐந்து விரல்களாலும் எப்போதும் இறுக்கிப் பிடித்தால் தோள் உயரும். தோள் உயர்ந்தால் பாரி மீண்டும் வீச்சாகிவிடும். பாரி செய்தவுடன் அங்கேயே நிற்காமல் உடனே கையை நீட்டித் திருப்பித் தாக்க வேண்டும்; இதை ரிப்போஸ்ட் என்கிறோம். பாரியால் முன்னுரிமை உங்களிடம் வந்துவிட்டது, தயங்கினால் அது எதிராளியிடமே திரும்பிவிடும்.

குழித்துறை சிலம்ப ஆசான் எழுதியது:

கதவுநிலைப் பயிற்சியை என் பிள்ளைகள் இருவருக்கும் நேற்று மாலை சொல்லிக்கொடுத்தேன். ஒருவனுக்கு உடனே பிடிபட்டது. மற்றவன் இடக்கைக்காரன், அவனுக்கு நான்கும் ஆறும் மாறி வருமா என்று கேட்கிறான்.

நாகர்கோவில் பயிற்றுநர் எழுதியது:

எண்கள் மாறுவதில்லை, ஆசான். நான்கு என்பது வாள்கையிலிருந்து மார்பின் குறுக்கே உட்பக்கம் போவது, ஆறு என்பது வெளிப்பக்கம் போவது. ஆகவே அவனுக்கு நான்கு வலப்புறமும் ஆறு இடப்புறமும் அமையும். வலக்கைக்காரரோடு ஆடும்போது இருவருடைய வாள்களும் ஒரே பக்கத்தில் வருவதால், அவனுடைய வெளிப்பக்கத்துக்கே தாக்குதல் அதிகம் வரும். ஆறாம் பாரியை அவனுக்கு முதலில் பழக்குங்கள். வலக்கைப் பிள்ளையோடு சேர்த்து ஆடவிட்டால் இருவருக்கும் பயன்.